சீன் முடிந்த மூன்றாம் நாள் யார் பொறுப்பு?

வேப்பம்பூ:
எனக்கு 34 வயது, பிடிஎஸ்எம்மில், அதாவது இருவரும் சம்மதித்துக் கட்டுவது, கட்டுப்படுவது, அடங்கிப் போவது போன்றதில், நான்கு வருடமாக இருக்கிறேன். போன சனிக்கிழமை மூன்று மணி நேரக் கயிறு சீன், பேசி வைத்துக்கொண்டு ஒருவர் என்னைக் கயிற்றால் கட்டினார். எது செய்யலாம், எது கூடாது, உடனே நிறுத்தச் சொல்லும் சேஃப்வேர்ட் என்ன, எல்லாம் முன்னாடியே பேசியிருந்தோம், சீனில் ஒரு குறையும் இல்லை. முடிந்ததும் போர்வை போர்த்தி, தண்ணீர் கொடுத்து, பத்து நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஒன்பது மணிக்கு அறையைக் காலி செய்ய வேண்டும், ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தேன், அம்மா ஊற்றிக் கொடுத்த தோசையைச் சாப்பிட்டுப் படுத்துவிட்டேன். ஞாயிறு முழுக்க மிதந்துகொண்டிருந்த மாதிரி இருந்தது. திங்கள் மதியம் ஆபீஸில் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தேன், நிற்கவே இல்லை. அன்றைக்கே அவருக்கு மெசேஜ் போட்டேன். நேற்று, புதன் ராத்திரிதான் பதில் வந்தது: "அன்னைக்கு நல்லாத்தானே இருந்தே?" சீனுக்குப் பிறகு கட்டுப்பட்டவருக்கு வரும் மனச் சரிவு, சப் டிராப் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். நான் கேட்பது, இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ ஒரு போன் செய்வது ஆஃப்டர்கேரில், அதாவது சீன் முடிந்த பிறகு கவனித்துக்கொள்வதில், சேருமா, சேராதா?

பழைய_கயிறு:
என்னைக் கேட்டால் சேராது. 11 வருடமாகக் கட்டுகிறேன். சீனைப் பேசி முடிவு செய்வது போல ஆஃப்டர்கேரையும் முன்னாலேயே பேசி முடிவு செய்ய வேண்டும். மூன்றாம் நாள் கூப்பிடுங்கள் என்று கேட்டீர்களா? கேட்காததைச் செய்யவில்லை என்று குறை சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை. போர்வை, தண்ணீர், இனிப்பாக ஏதாவது, நிதானத்துக்கு வரும்வரை கூட இருப்பது, இது என் கடமை. அதற்கு அப்புறம் இரண்டு வளர்ந்த மனிதர்கள், அவரவர் வீடு, அவரவர் வாழ்க்கை.

தனிமரம்:
நானும் பாட்டம்தான், கட்டுப்படுகிற பக்கம், ஆனால் பழைய_கயிறு பக்கம். எனக்கு சீன் முடிந்தால் யாரும் தொடக் கூடாது. ஒருவர் ஆஃப்டர்கேர் கட்டாயம் என்று சொல்லி நான் வேண்டாம் என்ற பிறகும் அரைமணி நேரம் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார், அன்றைக்கு முழு சீனிலும் எனக்குப் பிடிக்காமல் நடந்தது அது ஒன்றுதான். கடமை என்று எழுதி வைத்தால் இப்படித்தான் போகும்.

இரவுப்பணி:
தனிமரம், உங்களுக்கு நடந்தது தப்பு, அதில் மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் வேப்பம்பூ கேட்பது கட்டிப்பிடிப்பதை அல்ல. பழைய_கயிறுக்கு ஒரு கேள்வி. மூன்றாம் நாள் தனக்கு என்ன ஆகும் என்று தெரியாதவர் எப்படி முன்கூட்டிக் கேட்பார்? நான் நர்ஸ். சின்ன அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போகிறவரிடம், உங்களுக்கு என்னென்ன தொந்தரவு வரலாம் என்று நீங்களே பட்டியல் போடுங்கள் என்று நாங்கள் விடுவதில்லை. நாங்கள்தான் சொல்லி அனுப்புகிறோம். 11 வருட அனுபவம் உங்களிடம் இருக்கிறது, எதிரில் இருப்பவரிடம் இல்லை, அப்படியிருக்க முதலில் வாயைத் திறக்க வேண்டியவர் யார்? சீன் நேரத்தில் அட்ரினலின், எண்டார்ஃபின் எல்லாம் ஏறி நிற்கும், இறங்கும்போது குளிர் நடுக்கம் வரும், உடம்பே காலியானது போல இருக்கும்.

பழைய_கயிறு:
அட்ரினலின் இரத்தத்தில் சில நிமிடங்கள்தான் தாங்கும் என்பது நர்ஸான உங்களுக்கே தெரியும். சனிக்கிழமை ஏறிய அட்ரினலின் திங்கள் மதியம் டிபன் பாக்ஸ் முன்னால் அழ வைக்காது. எதற்கெடுத்தாலும் ஹார்மோன் மேல் பழி போடாதீர்கள்.

இரவுப்பணி:
சரி, அதை ஒப்புக்கொள்கிறேன். அப்படியென்றால் உங்கள் வாதம் இன்னும் பலவீனமாகிறது. அது ஹார்மோனாக மட்டும் இருந்தால் தூங்கி எழுந்து சாப்பிட்டால் சரியாகிவிடும், யாரும் கூப்பிட வேண்டியதில்லை. திங்கள் மதியம் வந்தது வேறு. தன்னை முழுசாக ஒருவர் கையில் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து ஒன்றுமே நடக்காத மாதிரி அம்மா கையால் தோசை வாங்கிச் சாப்பிட வேண்டியிருக்கிறது. யாரிடமும் சொல்ல முடியாது. நான் இப்படிப்பட்டவளா, என்னிடம் ஏதோ கோளாறு இருக்கிறதா என்ற நினைப்பு அங்கேதான் வரும். 2022ல் நடைமுறைக்கு வந்த உலகச் சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 பட்டியலில், இருவரும் சம்மதித்துச் செய்யும் இதை நோய் என்று வைக்கவில்லை. அது காகிதத்தில் இருக்கிறது. மனசுக்கு அதைச் சொல்ல, அன்றைக்குக் கூட இருந்த அந்த ஒரு ஆளால்தான் முடியும்.

பழைய_கயிறு:
அந்த நினைப்பு எங்களுக்கும் வரும், அதை யாரும் கேட்பதில்லை. போன வருடம் ஒரு சீன் முடித்துவிட்டு வண்டியில் வரும்போது கை நடுங்கி, பெட்ரோல் பங்க் ஓரமாக நிறுத்திவிட்டேன். அவர் முதுகில் இருந்த தடங்கள் கண்ணிலேயே நின்றன. அவர் கேட்டுத்தான் நடந்தது, சிரித்துக்கொண்டேதான் கிளம்பினார். ஆனாலும் நான் என்ன மாதிரி ஆள் என்று இரண்டு நாள் தூக்கமில்லை. கட்டுகிறவருக்கு வரும் இந்தச் சரிவுக்கு டாப் டிராப் என்று பேர் இருக்கிறது, போன் செய்ய ஆள் இல்லை. கடமை என்றால் இரண்டு பக்கமும் இருக்கட்டும்.

தனிமரம்:
நீங்கள் கூப்பிட்டிருந்தால் அவர் நன்றாக இருக்கிறேன் என்று சொல்லியிருப்பார், உங்களுக்கும் தூக்கம் வந்திருக்குமே. எனக்குத் தொடுவதுதான் ஆகாது. "பரவாயில்லையா?" என்று ஒரு வரி மெசேஜ் வந்தால் நான் ஒரு நாளும் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். இந்தப் பேச்சு வரும்வரை இரண்டையும் ஒன்றாகவே நினைத்துக்கொண்டிருந்தேன்.

பழைய_கயிறு:
கூப்பிடப் பயமாக இருந்தது. தப்பு செய்துவிட்டேன் என்று அவர் சொல்லிவிடுவாரோ என்று. ஆனாலும் கடமை என்ற வார்த்தைக்கு நான் இன்னும் சம்மதிக்கவில்லை, முன்னால் பேசி வைத்துக்கொள்வோம் என்றுதான் சொல்வேன்.

இரவுப்பணி:
வேப்பம்பூ, நாங்களே பேசிக்கொண்டிருக்கிறோம். உடம்பு எப்படி இருக்கிறது? கையில் எங்காவது மரத்துப் போயிருக்கிறதா?

வேப்பம்பூ:
இடது கட்டைவிரலின் பின்பக்கம், மணிக்கட்டு வரைக்கும். தொட்டால் துணி மேல் தொடுகிற மாதிரி இருக்கிறது. தடம் போனதும் சரியாகிவிடும் என்று நினைத்தேன். இதை இதுவரை யாரும் கேட்கவில்லை.

பழைய_கயிறு:
இன்றைக்கு வியாழன். ஐந்து நாள். மணிக்கட்டில் கட்டினாரா, மேல்கையிலா? கையை நீட்டி மணிக்கட்டை மேலே தூக்க முடிகிறதா? கட்டைவிரலை விரித்துத் தூக்கிப் பாருங்கள்.

வேப்பம்பூ:
மணிக்கட்டில். தூக்க முடிகிறது. உணர்ச்சிதான் இல்லை.

இரவுப்பணி:
தூக்க முடிவது நல்லது. தோலுக்குப் போகிற நரம்பு அழுந்தியிருக்கலாம், இறுக்கமான விலங்கு மாட்டியவர்களுக்கும் அந்த இடத்தில் இப்படி வரும். பெரும்பாலும் தானாகத் திரும்பிவிடும், ஆனாலும் நரம்பு டாக்டரைப் பாருங்கள். மணிக்கட்டில் கயிறு இறுகிவிட்டது, சனிக்கிழமையில் இருந்து மரத்திருக்கிறது என்று சொன்னால் அவருக்குப் போதும். அந்தக் கையில் வாட்ச், வளையல் எதுவும் வேண்டாம்.

பழைய_கயிறு:
நாளைக்கு என்று தள்ளாதீர்கள். பார்த்துவிட்டு வந்து ஒரு வரி எழுதுங்கள், நான் விழித்திருப்பேன்.