எஃப்ளோரசென்ஸ்: ‘உப்புப்படிவு’ சரியா?

அன்புள்ள குழுவினருக்கு,

ஹாலோ பிளாக், சாலிட் பிளாக் சுவர்ப் பராமரிப்புக் குறிப்பில் எஃப்ளோரசென்ஸுக்கு, அதாவது சுவரில் வெள்ளையாக உப்பு தெரிவதற்கு, ‘உப்புப்படிவு’ என்று போட்டிருக்கிறோம். எனக்கு ஒட்டவில்லை. படிவு என்றால் வெளியிலிருந்து வந்து தங்குவது. இங்கே உப்பு கல்லுக்குள்ளிருந்து வருகிறது: நீரில் கரைந்து நுண்துளை வழியே மேலே வந்து, நீர் ஆவியானதும் வெள்ளையாக நிற்கிறது. ‘படிவு’ என்று படித்தவர், கடற்காற்று கொண்டுவந்து அப்பியது என்று நினைத்து ஹோஸ் பைப்பை எடுப்பார். உப்பு கரைந்து மறுபடி கல்லுக்குள் போகும், காய்ந்ததும் திரும்ப வரும்.

திருவொற்றியூர், காசிமேடு பக்கம் மேஸ்திரிகள் ‘உப்பு பூத்திருக்கு’ என்கிறார்கள். ‘உப்புப்பூப்பு’ எனலாமா?

---

> ‘உப்புப்பூப்பு’ எனலாமா?

ஐயா, பூத்தல் சரி. பூப்பு வேண்டாம், அந்தச் சொல் வேறு வேலையில் இருக்கிறது. ‘உப்புப்பூத்தல்’ என்றே வைக்கலாம். ஆனால் ஒரு சொல் போதாது, ஏனென்றால் வெள்ளை ஒரே வகையல்ல.

சோடியம், பொட்டாசியம் சல்பேட் என்றால் விரல் பட்டதும் மாவாக உதிரும், தண்ணீர் விட்டால் கரையும். நல்ல வெயில் நாளில் உலர்ந்த நார் பிரஷ்ஷால் தேய்த்து, உதிர்ந்த தூளை வாரி அப்புறப்படுத்தினால் போதும்.

மற்றது சிமெண்டிலிருந்து வரும் சுண்ணாம்பு. கால்சியம் ஹைட்ராக்சைடு வெளியே வந்து, காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து கால்சியம் கார்பனேட்டாக இறுகிவிடும். தண்ணீருக்கு அசையாது, ஆசிட் சொட்டு விட்டால் நுரைக்கும். இதற்கு ‘நீறுபூத்தல்’ என்று தனிச்சொல் வேண்டும். நீறு சாம்பலும்தான், சுண்ணாம்பும்தான். நீறுபூத்த நெருப்பு ஏற்கெனவே நம்மிடம் இருக்கிறது. இதை எடுக்க 10 பங்கு தண்ணீரில் 1 பங்கு ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டை ஊற்ற வேண்டும் (ஆசிட்டில் தண்ணீரை அல்ல). கையுறை, கண்ணாடி கட்டாயம். முதலில் சுவரை நனைக்க வேண்டும், இல்லாவிட்டால் கல் ஆசிட்டை உறிஞ்சிவிடும். பிறகு நிறைய நீர் விட்டு அலச வேண்டும். பூசாமல் விடும் கலர் பிளாக்கில் ஆசிட் சிமெண்டைத் தின்று மணலை வெளியே காட்டும், நிறமே மாறும். ஒரு மூலையில் சோதித்துவிட்டுத்தான் இறங்க வேண்டும்.

ஈரம் வரும் வழியை அடைக்காமல் வெளியே வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட் அடித்தால், உப்பு பெயிண்டுக்குப் பின்னால் படிகமாகிக் கல்லின் தோலை உரிக்கும். ‘பொரிஞ்சு கொட்டுது’ என்பது இதைத்தான். மேலே தெரியாமல் உள்ளே நடக்கும் இதற்கு ‘உப்புப்பொரிவு’.

---

மூன்றையும் ஏற்கிறேன். பதிவில் காரணமும் சேர வேண்டும். கான்கிரீட் பிளாக்குக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 2185 (பகுதி 1, 2005) படி, 24 மணி நேரம் ஊறவைத்த கல் தன் உலர் எடையில் 10 சதவீதத்துக்கு மேல் நீர் குடிக்கக் கூடாது. அதற்கு மேல் குடித்தால் கலவை நெருக்கமாக இறுகவில்லை என்று அர்த்தம், பூப்பதும் அதிகமாகும். உப்புக் கரிக்கும் போர் தண்ணீரில் கியூரிங் (சிமெண்ட் இறுகும்வரை நனைத்து வைப்பது) செய்வது இன்னொரு காரணம். செங்கல் பழக்கத்தில் பிளாக்கையும் தொட்டியில் ஊறப்போடுவது அதைவிட மோசம்: கட்டியபின் காயும்போது சுருங்கி ஜாயிண்டில் விரிசல் விடும், உப்பும் வரும். பிளாக்கை ஊறவைக்கவே கூடாது. கடும் வெயிலில் மேற்பரப்பில் லேசாக ஈரம் தெளித்தால் போதும். அடுக்கும்போது தரையில் படாமல் கட்டையின் மேல் வைத்துத் தார்ப்பாய் மூட வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் நனைந்த அடுக்குதான் தை மாதம் சுவரில் பூக்கிறது.

ஒரு திருத்தம். ‘உப்பு பூத்தல்’ என்பதில் ஒற்று வராது. பூப்பது உப்புதான், எழுவாய்த் தொடர். ‘உப்புப்பொரிவு’க்கு ஒற்று வேண்டும், அங்கே பொரிவது உப்பு இல்லை, கல்.