பொருள்: கடென்சாவுக்கு என்ன சொல்? ‘ஷாலுஸீ’ கச்சேரிக் குறிப்பு, அவசரம்

குழுவினருக்கு வணக்கம்.
நாளை மாலை அச்சுக்குப் போகவேண்டிய குறிப்பில் ஒரு சொல் இடிக்கிறது. டென்மார்க்கின் யாக்கோப் கேதெ 1925இல் எழுதிய டாங்கோ நடன இசை ‘ஷாலுஸீ’. கோபன்ஹேகன் பலாட்ஸ் திரையரங்கில் நடிகர் டக்ளஸ் ஃபேர்பாங்க்ஸின் ஊமைப்படத்தோடு வாசிக்க எழுதியது. அங்கே இசைக்குழுவை நடத்தியவரும் அவரே. எடுத்த எடுப்பில் தனி வயலின் கடென்சா, அதாவது ஒருவரே தனித்து வாசிக்கும் அலங்காரப் பகுதி. தாளக்கட்டு இல்லை. அது ஓய்ந்த பிறகுதான் டி மைனர் சுரவரிசையில் டாங்கோ நடை பிடிக்கிறது. ‘தனி ஆவர்த்தனம்’ என்று போட்டேன். சரிதானா?
செ.

> தனி ஆவர்த்தனம்

வேண்டாம். ஆவர்த்தனம் என்றாலே தாளச் சுற்று. வாசகர் மிருதங்கத்தையும் கோர்வையையும் எதிர்பார்ப்பார். கடென்சாவின் லத்தீன் வேருக்கு ‘விழு’ என்று பொருள். ‘வீழிசை’ எனலாமே.
ம.

> வீழிசை

ம. ஐயா, முத்தாய்ப்புக்கு முன் பாடகர் அலங்காரம் செய்ததால் வந்த பெயர் கடென்சா. கேதெ அதைத் தலைவாசலிலேயே வைத்திருக்கிறார், தொடங்குமுன் விழுவானேன்? சிலப்பதிகார அரங்கேற்று காதை உரையில் அடியார்க்குநல்லார் ஆளத்தியை (ஆலாபனையை) காட்டாளத்தி, நிறவாளத்தி, பண்ணாளத்தி என்கிறார். ‘தனியாளத்தி’ நன்றாக நிற்கும்.
இ.

ஆளத்தியே வடமொழி ‘ஆலப்தி’யின் திரிபு. இதற்கா இத்தனை தூய்மை?
ம.

திரிந்தது அந்தப் பக்கம் என்பது என் கட்சி. பண்ணை (இராகத்தை) ஆள்வதால் ஆளத்தி. தனி இழையில் விரிவாக எழுதுகிறேன்.
இ.

எழுதாதீர்கள், இ. அம்மா! வேர் எதுவானாலும், ஆளத்தி மனோதர்மம், அந்தக் கணத்தின் கற்பனை. கேதெ சுரங்களை எழுதியே வைத்துவிட்டார். வாசிப்பவர் கையில் இருப்பது வேகமும் நீட்டலும்தான். அவர் கடைசி சுரத்தை விடும் கணத்தை நடத்துநர் பிடிக்காவிட்டால் டாங்கோவின் முதல் அடியே சிதறும். குறிப்பில் அதைச் சொல்லுங்கள். பெயர் கடென்சாவாகவே இருக்கட்டும்.
ந.

‘ன்சா’ என் காதுக்கு ஒட்டவில்லை. தொல்காப்பிய எச்சவியலின் ‘வடவெழுத்து ஒரீஇ’ (வடவெழுத்தை நீக்கி) என்ற விதி மேலைச் சொல்லுக்கும் பொருந்தும். கடெஞ்சா என்று எழுதுக.
ம.

கடெஞ்சா, கடைஞ்சா... மோர்தான் வரும். போகிற போக்கில்: டாங்கோவைத் ‘தாங்கோ’ ஆக்கிவிடாதீர்கள். யாழ்ப்பாணத்தில் அது ‘கொடுங்கள்’.
ந.

நேரமில்லை. நான்கு பேர் தனியாளத்திப் பக்கம், இருவர் கடென்சா, வீழிசைக்கு ம. ஐயா மட்டும். இப்படிப் போகிறது: “எழுதிவைத்த தனியாளத்தியாக வயலின் தொடங்குகிறது, மேற்கில் இதைக் கடென்சா என்பர்.” பிற்பகுதி டி மேஜருக்கு மாறுவதையும், நடத்துநர் ஆர்தர் ஃபீட்லரும் பாஸ்டன் பாப்ஸ் இசைக்குழுவும் 1935இல் செய்த இசைத்தட்டையும் சேர்த்துவிட்டேன்.
செ.

“எழுதிவைத்த ஆளத்தி” முரண்தொடை. என் மறுப்பைப் பதிவு செய்க.
ந.