மலபார் மண்ணும் மலையாளத் திரையும்: மஞ்சேரியில் கண்டது

மலையாளப் படங்கள் தம் மண்ணை நுட்பமாகக் காட்டுகின்றன என்று நண்பர்கள் பலர் இங்கே எழுதியிருக்கிறார்கள். அது உண்மைதான், ஆனால் எந்த மண்ணை என்றும் கேட்க வேண்டியிருக்கிறது. நெடுங்காலம் அந்தத் திரையில் வந்த கேரளம் பெரும்பாலும் நடுமுற்றம் வைத்த நாலுகெட்டு வீடுகளும் கோயில் குளங்களுமாகவே இருந்தது. வட கேரளத்து மலபாரில், முஸ்லிம்கள் மிகுந்து வாழும் மலப்புறம் மாவட்டம் வந்தால், சிரிப்பு மூட்டுவதற்கென்று ஒரு காக்கா (அங்கத்திய முஸ்லிம்கள் அண்ணனை அழைக்கும் சொல்) வருவார், இல்லையென்றால் அது வெடிகுண்டு எளிதில் கிடைக்கும் ஊர் என்று யாராவது வசனம் பேசுவார். வேலை நிமித்தம் அந்த மாவட்டத்து மஞ்சேரியில் குடியிருந்து அந்த மக்களோடு பழகிய பிறகு, அப்படிப்பட்ட வசனங்களைக் கேட்கவே எனக்குப் பொறுக்கவில்லை.

அறுவடை முடிந்ததிலிருந்து மழை இறங்கும் வரை அங்கே செவன்ஸ் கால்பந்துக் காலம். அணிக்கு ஏழு பேர் ஆடும் இந்த ஆட்டத்துக்காக, பாக்குமரத் தடிகளையும் மூங்கிலையும் கயிற்றால் இறுக்கிக் கட்டி, வெறும் வயலில் ஆயிரக்கணக்கானோர் அமரும் காலரியை எழுப்பிவிடுகிறார்கள். மாலையில் மைக் கட்டிய ஜீப் அன்றைய ஆட்டத்தை அறிவித்தபடி தெருத்தெருவாகப் போகும். இரவில் விளக்கொளியில் புழுதி பறக்க ஆட்டம் நடக்கும். நைஜீரியா, கானா போன்ற நாடுகளிலிருந்து வந்த வீரர்கள் உள்ளூர் அணிகளுக்காக ஆடுவதும், பல போட்டிகளின் வசூலில் ஒரு பங்கு நோயாளிகளைப் பராமரிக்கும் பாலியேட்டிவ் மையங்களுக்குப் போவதும் அங்கே வழக்கம். ஒருமுறை ஆப்பிரிக்க வீரர் ஒருவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு தரையில் விழுந்தபோது, என் பக்கத்தில் அமர்ந்திருந்த முதியவர் மீதி ஆட்டத்தைப் பார்க்கவே இல்லை. அந்தப் பையனுக்கு இந்த ஊரில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டே காலரியிலிருந்து இறங்கிப் போய்விட்டார்.

2018-இல் வெளிவந்த ‘சுடானி ஃப்ரம் நைஜீரியா’ படத்தைப் பார்த்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தவர் அவர்தான். அடிபட்ட நைஜீரிய வீரரைத் தன் வீட்டிலேயே வைத்துப் பராமரிக்கும் செவன்ஸ் அணி மேலாளரின் கதை அது. இயக்குநர் சகரியா மலப்புறத்துக்காரர். மேலாளரின் தாயாகவும் அண்டை வீட்டு மூதாட்டியாகவும் நடித்த சாவித்திரி ஸ்ரீதரன், சரசா பாலுச்சேரி இருவரும் கோழிக்கோட்டு நாடக மேடையில் பல்லாண்டுகள் நடித்தவர்கள். அந்த ஆண்டின் சிறந்த குணச்சித்திர நடிகைக்கான கேரள அரசு விருது இருவருக்கும் பகிர்ந்து அளிக்கப்பட்டது. படம் அந்த மண்ணோடு இவ்வளவு ஒட்டியிருப்பதற்கு இந்தத் தேர்வே முதற்காரணம் என்பது என் உறுதியான எண்ணம். எங்கள் வீட்டு உரிமையாளரின் உம்மா, அதாவது தாயார், அந்தப் படத்தைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு, “மோனே (மகனே), அவர்கள் நடிக்கவில்லை, நம் அடுப்படியில் உட்கார்ந்திருக்கிறார்கள்” என்றார்.

அதே உம்மாவிடம்தான் நிலம்பூர் ஆயிஷாவைப் பற்றி முதன்முதலில் கேட்டேன். முஸ்லிம் பெண்கள் மேடையேறுவதை நினைத்துப் பார்க்கவும் முடியாத காலத்தில் நாடகத்துக்கு வந்த ஆயிஷாவை, மேடையில் நடித்துக்கொண்டிருக்கும்போதே துப்பாக்கியால் சுட்டார்கள். குண்டு தவறியது, அவர் நடிப்பை விடவில்லை. மலையாளத்தின் முதல் வண்ணப் படமான ‘கண்டம் பெச்ச கோட்டு’ (1961) அவரை மலையாளத் திரைக்குக் கொண்டுவந்தது. ஹஜ் பயணத்துக்கென்று சேர்த்த பணத்தை ஒரு பெண்ணின் கல்யாணத்துக்குக் கொடுத்துவிடும் செருப்புத் தைக்கும் முதியவரின் கதை. அதுவும் மலபார் நாடகத்திலிருந்து வந்ததுதான். அதைத் தயாரித்து இயக்கியவர் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர். சுந்தரம் என்பது நம்மவர்கள் அறிய வேண்டிய செய்தி. அதற்கும் முன்னால், 1954-இல் வந்த ‘நீலக்குயில்’ படத்தில், தலச்சேரிக்காரரான கே. ராகவன் மலபார் முஸ்லிம்களின் மாப்பிளப் பாட்டு மெட்டை எடுத்து, பி. பாஸ்கரனின் வரிகளுக்குத் தாமே பாடினார். மலபார் தொடக்கத்திலேயே மலையாளத் திரைக்குள் வந்துவிட்டது. பின்னாளில் அதை ஓரத்துக்குத் தள்ளியவர்களைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

‘சுடானி’யைப் பார்த்தவர்கள் பி.டி. குஞ்ஞுமுகம்மது இயக்கிய ‘பரதேசி’ (2007) படத்தையும் தேடிப் பார்க்க வேண்டும். பிரிவினைக்கு முன் பிழைப்புக்காகக் கராச்சி சென்று, பாகிஸ்தான் கடவுச்சீட்டோடு திரும்பி, பிறந்த ஊரிலேயே அந்நியராகக் காவல்துறைக்கு அஞ்சி வாழ்ந்த மலபார் மனிதர்களின் கதை அது. ‘சுடானி’யில் நைஜீரிய வீரரின் கடவுச்சீட்டு தொலைந்ததும் அந்த வீடு முழுவதும் ஏன் அப்படிப் பதறுகிறது என்பதற்கு, அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு முழு விடை கிடைத்தது.