நற்கருணைப் பேழையை இடம் மாத்துகினம், திறப்பு ஆரிட்ட இருக்கவேணும்?

கரையோரத்தாள்:
எங்கட கோவிலில திருத்தவேலை நடக்குது. நடுச்சுவரில, பழைய பீடத்தில இருக்கிற நற்கருணைப் பேழையை, அதுதான் பூசையில ஆண்டவரின்ர உடலாகிற அப்பத்தை வச்சிருக்கிற பெட்டியை, பக்கத்துச் சிற்றாலயத்துக்கு மாத்தப்போகினம் எண்டு ஞாயிறு பூசை முடியச் சொல்லிச்சினம். அம்மா அண்டிரவு சாப்பிடேல்லை. "ஆண்டவரை மூலையில வைக்கப்போகினம்" எண்டு அழுகிறா. எனக்கும் மனம் ஒப்பேல்லை. சட்டம் இதுக்கு இடம் குடுக்குதோ?

இன்னொண்டு. பேழைத் திறப்பு பூச்சாடிக்குக் கீழதான் கிடக்கிறது. பூ வைக்கப்போற எனக்கே தெரியுமெண்டால் வேற ஆருக்குத் தெரியாது?

குருமடத்தில படிச்சவன்:
தங்கச்சி, இடம் குடுக்குது. திருப்பலிப் புத்தகத்தின்ர பொது ஒழுங்கு 315 ஆம் எண்ணைப் பாருங்கோ. பூசை வைக்கிற பீடத்தில பேழை இல்லாதது நல்லம். பீடமுற்றத்தில வேற இடத்தில வைக்கலாம், இப்ப பூசை வைக்காத பழைய பீடத்திலயும் வைக்கலாம். இல்லாட்டி, கோவிலோட இணைஞ்ச, சனத்தின்ர கண்ணுக்கு நல்லாய்த் தெரியிற சிற்றாலயத்தில வைக்கலாம். தீர்மானம் ஆயரின்ர கையில. ஆனபடியால் மூலை எண்டு பயப்படத் தேவையில்லை, கண்ணுக்குத் தெரியுதோ எண்டுதான் கேக்கவேணும். பழைய பீடத்திலயே விடலாமோ எண்டும் பாதரிட்டக் கேளுங்கோ, அது உங்கட உரிமை.

மூப்பரின்ர மகன்:
பிள்ளை, இடத்தை விட எனக்குப் பூச்சாடிக் கதைதான் நெஞ்சை அடைக்குது. திருச்சபைச் சட்டம் 938: பேழை அசையாமல் பொருத்தியிருக்கவேணும், உறுதியான, உள்ளே தெரியாத பொருளில செய்திருக்கவேணும், பூட்டியிருக்கவேணும். திறப்பை மிகக் கவனமாய்க் காக்கவேணும் எண்டு தனியாய் ஒரு பிரிவே இருக்கு. பாரதூரமான காரணம் இருந்தால், முக்கியமாய் இரவில, வேற கூடப் பாதுகாப்பான, தகுதியான இடத்தில நற்கருணையை வைக்கவும் அதிலயே இடமிருக்கு. எங்கட கரையோரக் கோவில்கள் சிலதில இரவில ஒரு காவலும் இல்லை, இதையும் யோசியுங்கோ.

எங்கட ஐயா மூப்பராய், கோவில் காரியங்களைப் பாக்கிறவராய் இருந்தவர். 1995 ஒக்டோபர் 30, யாழ்ப்பாணத்துச் சண்டையால ஊரே தென்மராட்சிப் பக்கம் வெளிக்கிட்ட நேரம், பங்குச் சுவாமியார் பேழையில இருந்த நற்கருணை முழுக்க நிண்ட சனத்துக்குக் குடுத்து, மிச்சத்தைத் தானே உட்கொண்டார். பாத்திரத்தைக் கழுவித் துடைச்சார். பிறகு அணையா விளக்கை நூத்து, பேழைக் கதவை அகலத் திறந்து விட்டார், பெரிய வெள்ளிக்குத் திறந்து விடுற மாதிரி. உள்ளுக்க ஆண்டவர் இல்லை எண்டு ஆர் வந்தாலும் காணட்டும் எண்டார். ஐயா வெறும் பேழையின்ர திறப்பைத்தான் வேட்டித் தலைப்பில முடிஞ்சுகொண்டு மழைக்குள்ள நடந்தவர். நான் கேட்டன், வெறும் பெட்டிக்கு என்னத்துக்கு ஐயா எண்டு. "திரும்பி வருவார்தானே" எண்டு மட்டும் சொன்னார். அடுத்த வருசம் ஊருக்கு வந்தம். கதவு திறந்தபடி, உள்ளுக்கெல்லாம் தூசி.

புது இடத்தில எண்ணெய் அல்லது மெழுகு விளக்கே எரியட்டும் எண்டும் கேளுங்கோ, தம்பி சொன்ன பொது ஒழுங்கில 316 ஆம் எண்.

கரையோரத்தாள்:
ஐயா, அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினன். திறப்பை எடுத்துக்கொண்டுபோய் அறைவீட்டில பாதரின்ர கையில குடுத்திட்டன். அவர் கொஞ்ச நேரம் பேசேல்லை, பிறகு தன்ர மேசை லாச்சிக்குள்ள வச்சுப் பூட்டினார். பழைய பீடத்தைப் பற்றி ஆயருக்கு எழுதுறன் எண்டும் சொன்னார். நாளைக்குப் பின்னேரம் சிற்றாலயத்தில ஒரு விளக்கைக் கொளுத்தி வச்சு, அம்மா வழமையாய் இருக்கிற வாங்கில அவவை இருத்திப் பாக்கப்போறம்.