பழைய லாரி ஓட்டுநர்கள் யாரையாவது தெரியுமா?

டென்வர் வட்டாரத்து நண்பர்களுக்கு வணக்கம். ஓர் உதவி வேண்டும்.

எங்கள் பக்கத்து வீட்டுத் தாத்தாவுக்கு எண்பது வயது தாண்டிவிட்டது. முன்னாள் லாரி ஓட்டுநர். டென்வருக்கு மேற்கே மலையைக் குடைந்த ஐசனோவர் சுரங்கப்பாதை 1973இல் திறக்கும்வரை, ஆறாம் எண் நெடுஞ்சாலையில் 11,990 அடி உயர லவ்லேண்ட் கணவாயை ஏறி இறங்கித்தான் மேற்கே போவாராம். அவருடைய லாரியில் இரண்டு கியர்த் தண்டுகள். ஒரு கையை ஸ்டியரிங் சக்கரத்துக்குள் நுழைத்து, இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்ற வேண்டும். சாப்பாட்டுத் தட்டை ஸ்டியரிங்காகப் பிடித்துச் செய்து காட்டினார். முழங்கை இன்னும் மறக்கவில்லை!

இப்படிப்பட்டவர்களின் பேச்சைப் பதிவுசெய்து வைக்க ஆசைப்படுகிறேன். நாடு முழுக்க விரைவுச்சாலைகள் கட்ட 1956இல் சட்டம் வந்தது. ஆனால் எழுபதாம் எண் விரைவுச்சாலை கிளென்வுட் பள்ளத்தாக்கில் கட்டி முடிய 1992 ஆகிவிட்டது. ஆகவே பாதி புதுச்சாலை, பாதி பழைய சாலை என்று ஓட்டியவர்கள் இன்னும் நம் அக்கம்பக்கத்தில் இருப்பார்கள். உங்கள் தெருவிலோ தேவாலயத்திலோ அலுவலகத்திலோ யாராவது இருந்தால் அறிமுகப்படுத்துங்கள். சிகாகோவிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் போன புகழ்பெற்ற பழைய அறுபத்தாறாம் எண் சாலைக்காரர்களும் வரலாம். அதைப் பற்றி ஏற்கெனவே ஏராளமாக எழுதிவிட்டார்கள் என்பதால் அவர்களுக்கு இரண்டாம் இடம்தான்.

பெட்ரோல் நிலையங்களில் அந்தக் காலத்தில் இலவசமாகக் கொடுத்த சாலை வரைபடங்கள் பரணில் கிடந்தால், ஒரு வாரம் இரவல் தாருங்கள். தாத்தாவின் டெக்சஸ் உச்சரிப்பு எனக்குப் பாதிதான் புரிகிறது. ஒலிப்பதிவை எழுத்தாக்க நல்ல காது உள்ள ஒருவரும் வேண்டும்.