121 கொரோல்லா ஒட்டோ கியர்: சூடானதும் உதறுகிறது, சென்சரை வீட்டிலேயே மாற்றலாமா?

கல்லடி 121
அண்ணாமாருக்கு வணக்கம். என்னிடம் இருப்பது 2003 கொரோல்லா 121, ஒட்டோ கியர். ஒவ்வொரு நாளும் வேலைக்குக் கல்லடியிலிருந்து கல்முனைக்குப் போய் வருகிறேன். காலையில் எடுக்கும்போது ஒரு குறையும் இல்லை, களுவாஞ்சிக்குடி தாண்டும்போது டாஷ்போர்டில் ஓ.டி. ஓஃப் (ஓவர்டிரைவ் ஓஃப்) லைட் விட்டு விட்டு எரியத் தொடங்கும், அப்புறம் கியர் மாறும் ஒவ்வொரு தரமும் பின்னாலிருந்து யாரோ இடித்த மாதிரி உதறும். வேக மீற்றர் சரியாகத்தான் காட்டுகிறது. பின்னேரம் வரை நிறுத்தி வைத்து எடுத்தால் திரும்பவும் சரி. ஒரு கராஜில் ஸ்கான் பண்ணினார்கள், பி0717 என்ற பிழைக் குறியீடு வந்தது, கியர் பொக்ஸில் வேகம் பார்க்கும் சென்சர் பற்றியதாம், ஆனால் கியர் பொக்ஸையே மாற்ற வேண்டும் என்றார்கள். அந்தக் காசுக்கு நான் எங்கே போக? சென்சர்தான் என்றால் வீட்டு வளவில் வைத்து நானே மாற்றலாமா? ஸ்பனர் செட்டும் மல்ரி மீற்றரும் இருக்கு.

செங்கலடி வேன்
தம்பி, சென்சரை வாங்குவதற்கு முதல் சொக்கட்டைக் கழற்றிப் பாருங்கள். மாரியில் வெள்ளத்துக்குள்ளால் ஓடுகிறோம், மற்ற நாளில் கடல் காற்று. என்னுடைய வேனில் சொக்கட்டுக்குள் இருக்கும் பின் (உலோக முனை) இரண்டிலும் பச்சைக் களிம்பு பிடித்து, கரண்ட் போகாமல் இருந்தது. கொண்டக்ட் கிளீனர் அடித்து, பழைய பல் தூரிகையால் தேய்த்தேன், அவ்வளவுதான், சரியாகிவிட்டது. வயரை எலி கடித்திருக்கிறதா என்றும் பாருங்கள், வயல் வெட்டு முடிந்தால் எலி வளவுக்குள் வரும்.

அக்கரைப்பற்று பாஸ்
வேக மீற்றர் வேலை செய்கிறது என்று சொன்னது நல்ல தகவல். கியர் பொக்ஸில் வேகம் பார்க்கும் சென்சர் ஒன்று மட்டும் இல்லை. ஒன்று எஞ்சினிலிருந்து உள்ளே வரும் சுற்றைப் பார்க்கும், இன்னொன்று டயருக்குப் போகும் சுற்றைப் பார்க்கும், கம்ப்யூட்டர் இரண்டையும் ஒப்பிட்டுத்தான் கியரை எப்போது, எவ்வளவு மெதுவாகப் போடுவது என்று முடிவெடுக்கும். பி0717 என்றால் உள்ளே வரும் பக்கத்துச் சிக்னல் இல்லை என்று அர்த்தம். கியர் பொக்ஸ் செத்துவிட்டது என்று அதற்கு அர்த்தம் இல்லை, சென்சர் செத்துவிட்டது என்று கூட அடித்துச் சொல்ல முடியாது, வயராகவும் இருக்கலாம்.

ஆனால் நீங்கள் சொன்னதில் எனக்குப் பிடிபட்டது களுவாஞ்சிக்குடிதான். சூடானால் வருகிறது, ஆறினால் போகிறது. அந்தச் சென்சருக்குள் இருப்பது காந்தமும் மெல்லிய செப்புக் கம்பிச் சுருளும். கம்பி எங்கோ விட்டிருந்தால் குளிரில் தொட்டுக்கொண்டு நிற்கும், சூட்டில் விலகிவிடும். காலையில் அளந்தால் 'நல்லா இருக்கு' என்றுதான் மீற்றர் சொல்லும், அதை நம்பி ஏமாந்தவர்கள் கனபேர். கல்முனையிலிருந்து வந்த சூட்டோடு எஞ்சினை நிறுத்தி, பற்றரியைக் கழற்றி, சென்சரின் இரண்டு பின்னுக்கும் இடையில் ஓம்ஸ் (மின் தடை) பாருங்கள். ஆறின நிலையில் 500-க்கும் 700-க்கும் இடையில் இருக்க வேண்டும், சூட்டில் கொஞ்சம் கூடிக் காட்டுவது இயல்பு.

கல்லடி 121
பார்த்தேன் அண்ணா. சொக்கட்டில் களிம்பு இல்லை. காலையில் 610. பின்னேரம் வந்த கையோடு வைத்தால் மீற்றர் ஒன்றும் காட்டவில்லை, ஓபன், கம்பி விட்ட மாதிரி. முக்கால் மணித்தியாலம் பொறுத்துத் திரும்ப வைத்தேன், 640-க்கு வந்து நின்றது! கை நடுங்கிவிட்டது எனக்கு.

அக்கரைப்பற்று பாஸ்
அப்போ சென்சர்தான், யோசிக்க வேண்டாம். கொழும்பு பஞ்சிகாவத்தையில் பழைய வாகனத்தில் கழற்றின சாமான் மலிவாகக் கிடைக்கும், அதை எடுக்காதீர்கள், அதுவும் உங்களுடையது அளவுக்குப் பழசு. சேசிஸ் நம்பரைக் கொடுத்துப் புதுசு எடுங்கள், ஓ-ரிங்கும் (ஒயில் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையம்) சேர்த்து.

எஞ்சின் ஆறட்டும். பற்றரியின் நெகட்டிவ்வை முதலில் கழற்றி, பற்றரியையும் அது இருக்கும் தட்டையும் எடுத்தால் கை போக இடம் கிடைக்கும். சென்சரை இழுப்பதற்கு முதல் அதைச் சுற்றி உள்ள மண்ணை வடிவாகத் துடையுங்கள், ஒரு மணல் உள்ளே விழுந்தால் வால்வு பொடியில் (கியர் மாற ஒயிலைப் பிரித்து அனுப்பும் பகுதி) போய்ச் சிக்கும், அப்போது கராஜ்காரர் சொன்னது உண்மையாகிவிடும். சொக்கட் கிளிப் இத்தனை வருசத்தில் காய்ந்து போயிருக்கும், நெம்பாமல் அமர்த்தி எடுங்கள். 10 மில்லிமீற்றர் போல்ட் ஒன்றுதான். சென்சரை இடமும் வலமும் திருப்பித் திருப்பி இழுங்கள். புது ஓ-ரிங்குக்கு ஒட்டோ கியர் ஒயில் தடவிக் கையாலேயே அமர்த்துங்கள், போல்ட்டைக் கையால் கடைசி வரை ஏற்றிவிட்டு ஸ்பனரால் மெல்ல இறுக்குங்கள், கியர் பொக்ஸ் உடம்பு அலுமினியம், மரை போனால் பெரிய வேலை. ஒயில் குறைந்திருந்தால் டைப் டி-ஃபோர் ஒட்டோ கியர் ஒயில் மட்டும், சிவிடி (வேறு வகை ஒட்டோ கியர்) ஒயில் ஒரு சொட்டும் வேண்டாம்.

கல்லடி 121
ஞாயிறு காலை மாற்றினேன், ஒன்றரை மணித்தியாலம் பிடித்தது. பழைய ஓ-ரிங் பிளாஸ்டிக் மாதிரி இறுகி, நகத்தால் கிள்ள இரண்டாக உடைந்தது. நேற்றும் இன்றும் கல்முனை போய் வந்துவிட்டேன், லைட் வரவில்லை. முதல் நாள் இரண்டாவது கியருக்கு மட்டும் கொஞ்சம் தயங்கியது.

அக்கரைப்பற்று பாஸ்
பற்றரி கழற்றினதால் அப்படி, கம்ப்யூட்டர் திரும்பப் பழகும். ஒருக்கா ஒயிலைச் சூட்டோடு, எஞ்சின் ஓட, லீவரை எல்லா இடத்துக்கும் போட்டு பி-க்கு (பார்க்) கொண்டு வந்து ஒயில் குச்சியில் அளவைப் பாருங்கள்.