பொருள்: கீமோவுக்கு அடங்காத புற்று: ‘மருந்து எதிர்ப்பு’ சரிப்படுமா?

> ‘drug resistance’ என்பதை நம் கையேட்டில் ‘மருந்து எதிர்ப்பு’ என்றே வைத்துக்கொள்ளலாம். செய்தித்தாள்களில் பழகிய சொல்.

ஐயா, வணக்கம். கிருமிகளைப் பற்றிய கட்டுரையில் அது போதும். நோயாளிகளுக்கான புற்றுநோய்க் கையேட்டில் இடறும். முந்தைய வரியில் ‘புற்று எதிர்ப்பு மருந்து’, அடுத்த வரியில் ‘மருந்து எதிர்ப்புப் புற்று’ என்று வந்தால் எது எதை எதிர்க்கிறது? சிங்கப்பூரில் நம் மூத்தோர் ‘மருந்து ஒத்துக்கல’ என்பது ஒவ்வாமையையோ வாந்தியையோ குறிக்கும், அதுவும் உதவாது. ‘உடம்புக்குப் பழகிப்போச்சு’ என்பது முழுப் பிழை. மாறியிருப்பது உடம்பு அல்ல, புற்றணு.

என் பரிந்துரை ‘மருந்துக்கு மசியாமை’. முதல் சில சுற்றுகளிலேயே கட்டி சுருங்காவிட்டால் ‘இயல்பு மசியாமை’. சுருங்கிவிட்டு மீண்டும் வளர்ந்தால் ‘ஈட்டிய மசியாமை’. ஈட்டியது என்றதும் மருந்துதான் அதை உண்டாக்கியது என்று விளக்கம் எழுதிவிடக் கூடாது. ஒரு சென்டிமீட்டர் கட்டியில் ஏறத்தாழ நூறு கோடி உயிரணுக்கள் இருக்கும். அவற்றில் சில, மருந்து ஏறும் முன்பே மாறியிருக்கக்கூடும். மற்றவை மடிய, இவை பெருகுகின்றன.

> அப்படியானால் ‘எம்மருந்துக்கும் மசியாமை’ என்றும் ஒரு சொல் வேண்டுமே?

வேண்டாம், ‘பன்மருந்து மசியாமை’ போதும். 1976இல் ஜூலியானோ, லிங் என்ற ஆய்வாளர்கள் சீன வெள்ளெலியின் சூலக உயிரணுக்களில் கண்ட பி-கிளைக்கோபுரதம், உயிரணுச் சவ்வில் அமர்ந்து ஏடிபி என்ற மூலக்கூறின் ஆற்றலைச் செலவிட்டு மருந்தை வெளியே தள்ளும் பம்பு. டாக்சோரூபிசின், வின்கிறிஸ்டின், பாக்லிடாக்சல் மூன்றும் வேறு வேறு வகைக் கீமோ மருந்துகள். மூன்றையும் அது தள்ளும். சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்தைத் தள்ளாது. ‘எம்மருந்தும்’ என்று எழுதினால், இன்னும் பலன் தரக்கூடிய மருந்தை நோயாளி கைவிட்டுவிடுவார். பம்பை அடைக்கும் மருந்துகளையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். அதே பம்பு குடல், ஈரல், சிறுநீரகம், மூளை இரத்தக்குழாய்ச் சுவர் எல்லாவற்றிலும் இருக்கிறது. அடைத்தால் கீமோ மருந்து உடலைவிட்டு வெளியேறாமல் தேங்கி நச்சாகும். அளவைக் குறைக்க வேண்டிவரும். எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை.

*

அக்கா, ‘மசியாமை’யை ஏற்கிறேன். ஆனால் ஒரே சொல் எல்லாவற்றையும் சுமக்கக் கூடாது. நம் கையேட்டில் நுரையீரல் புற்றுக்கு அதிக இடம் தர வேண்டும். புகைபிடிக்காத கிழக்காசியரிடம், உயிரணு வளர்ச்சியைத் தூண்டும் புரதத்துக்கான இஜிஎஃப்ஆர் மரபணுவில் மாற்றம் அடிக்கடி காணப்படுகிறது. அந்தப் புரதத்தை அடக்கும் ஜெஃபிட்டினிப், எர்லோட்டினிப் மாத்திரைகள் பிறகு பலன் தராமல் போனவர்களில் ஏறத்தாழ பாதிப்பேரிடம் அதே மரபணுவில் டி790எம் என்ற கூடுதல் மாற்றம் இருக்கும். ஓசிமெர்டினிப் என்ற மாத்திரை அதையும் அடக்கும். பின்னர் சி797எஸ் என்ற இன்னொரு மாற்றம் தோன்றி அதற்கும் மசியாமல் போகலாம். இங்கே பம்புக்கு வேலையில்லை, மருந்து போய் ஒட்டும் இடமே மாறிவிடுகிறது. எனவே ‘வெளியேற்ற மசியாமை’, ‘இலக்கு மாற்ற மசியாமை’ என்று காரணத்தை முன்னொட்டாக வைப்போம். டி790எம் இரத்தச் சோதனையில் தெரியாவிட்டால் இல்லை என்று பொருளல்ல, திசு எடுத்துப் பார்க்க வேண்டும் என்பதையும் அந்தப் பதிவிலேயே சேர்க்கலாம்.

இன்னொரு வகை உண்டு: மரபணு மாறாமலே மெல்லப் பெருகியோ பெருகாமலோ மருந்தைக் கடந்துவிடும் சில உயிரணுக்கள். மருந்தை நிறுத்திச் சிலகாலம் விட்டால் மறுபடி மசிகின்றன. இவற்றை மசியாமையின் கீழ் அடுக்காமல் ‘தாக்குப்பிடி உயிரணு’ என்று தனிப்பதிவாக வைக்கலாமா?